இசை நாடகக் குழுவுக்குப் புதிய இயக்குநர்கள்: பொன்னாடைக்கு முன்னால் ஒத்திகை

கேள்வி சுருக்கமாக இதுதான். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், கோயில் திருவிழாவிலும் தமிழ்ப்பள்ளி மண்டபத்திலும் இசை நாடகம் போடும் ஒரு குழு. பாட்டு, வசனம், ஆட்டம் எல்லாவற்றையும் இதுவரை ஒரே வாத்தியார்தான் பார்த்துக்கொண்டார். வயதாகிவிட்டதால் விலகுகிறார். அவர் இடத்துக்கு மூன்று பேர் வருகிறார்கள்: நாடகத்தை இயக்க ஈப்போவிலிருந்து ஓர் இளம்பெண், இசைக்கு ஒரு கீபோர்ட் கலைஞர், நடனத்துக்கு ஒரு பரதநாட்டிய ஆசிரியை. ஆண்டுக் கூட்டத்துக்கு ஒய்.பி. (தொகுதி மக்கள் பிரதிநிதி) வருகிறார், அங்கேயே பொன்னாடை போர்த்தி அறிமுகப்படுத்திவிடலாமா, மூத்த உறுப்பினர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்று குழுவின் செயலாளர் கேட்கிறார்.

ஆண்டுக் கூட்டத்தில் வேண்டாம். அங்கே என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒய்.பி. தாமதமாக வருவார், வந்ததும் பேசுவார், மானியம் பற்றி ஒரு வார்த்தை சொல்வார், கைதட்டல். அதற்குப் பிறகு கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் மூன்று பேரை வரிசையாக நிறுத்தி, துண்டு போர்த்தி, படம் எடுத்து இறக்கிவிடுவீர்கள். உறுப்பினர்களுக்கு அதில் ஒன்றும் விளங்காது. அவர்கள் மனதில் ஓடும் கேள்விகள் வேறு: என் பாட்டை வெட்டிவிடுவார்களா, என் வேஷம் யாருக்குப் போகும், இந்தப் பெண் எல்லோர் முன்னாலும் கத்துவாளா? புதியவர்கள் வேலை செய்வதைப் பார்த்தால்தான் இதற்கெல்லாம் விடை கிடைக்கும். அதனால் அறிமுகத்தை ஒத்திகையிலேயே வையுங்கள். மாலையும் பொன்னாடையும் முதல் நாடகம் மேடையேறிய இரவில் போடலாம், அப்போதுதான் அதற்கு மரியாதை.

ஒரே வாத்தியார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது உங்கள் ஊர் வழக்கம் மட்டும் இல்லை, நம் நாடக மரபே அப்படி. சங்கரதாஸ் சுவாமிகள் நாடகம் எழுதினார், பாட்டுக் கட்டினார், பிள்ளைகளுக்குப் பாடவும் நடிக்கவும் கற்றுக்கொடுத்தார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய பாலர் சபையில் ஆசிரியரும் இயக்குநரும் ஒருவர்தான். பின்னால் வந்த ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் ஆளுக்கோர் ஊரிலிருந்து வந்து, ஒத்திகை எதுவும் இல்லாமல் அன்றிரவே மேடையில் சந்தித்துக்கொள்வார்கள். ஆர்மோனியக்காரர் பிடிக்கும் சுருதிதான் அங்கே தலைமை. இந்தப் பக்கம் மலாய் மேடை நாடகமான பங்சாவானும் அதே வேரில் முளைத்ததுதான். பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துத்தான் 1885இல் மாமாக் பூஷி அங்கே பங்சாவான் குழு தொடங்கினார். அதிலும் முழுதாக எழுதிய வசனம் கிடையாது. கதையை மட்டும் வைத்துக்கொண்டு மேடையிலேயே பேசிக்கொள்வார்கள்.

மேடைக்கு ஒருவர், இசைக்கு ஒருவர், நடனத்துக்கு ஒருவர் என்று பிரிப்பது மேற்கத்திய மியூசிக்கல் வழக்கம். நல்ல வழக்கம்தான், ஒருவரே செத்துச் சுண்ணாம்பாக வேண்டியதில்லை. ஆனால் உங்கள் உறுப்பினர்களுக்கு இது புதுசு. பாட்டு நடுவில் நடிகர் நடந்து போக வேண்டும், நடக்கும்போது மூச்சு வாங்குகிறது. தாளத்தைக் குறைப்பதா, நடையைக் குறைப்பதா? முன்பு வாத்தியார் ஒரு பார்வை பார்த்தால் முடிந்துவிடும். இனி மூன்று பேரில் யாரைப் பார்ப்பது? மூத்தவர்கள் ஏற்பார்களா என்று கேட்டீர்களே, அவர்களுடைய தயக்கத்தில் பாதி இந்தக் குழப்பத்தால் வருவது. ஆட்கள் புதுசு என்பது மீதிப் பாதிதான்.

ஆகவே அறிமுக நாளுக்கு முன்பே மூன்று இயக்குநர்களையும் தலைவரையும் ஒரு மேசையில் உட்காரவைத்து, யார் எதை முடிவு செய்வது என்று ஒரே ஒரு தாளில் எழுதுங்கள். சுருதி, தாள வேகம், பக்கவாத்தியம் எல்லாம் இசை இயக்குநர். நுழைவது, நிற்பது, வசனம், விளக்கு எல்லாம் மேடை இயக்குநர். ஆட்டமும் கூட்டமாக நகர்வதும் நடன ஆசிரியை. ஒரு பாட்டை வெட்டுவதோ, ஒரு காட்சியைச் சுருக்குவதோ மூவரும் பேசி முடிவெடுப்பது, ஒத்துவராவிட்டால் மேடை இயக்குநர் சொல்வதுதான் கடைசி. எந்த நாடகம், எவ்வளவு செலவு என்பது செயற்குழுவின் வேலை. வேஷம் கொடுப்பது செயற்குழுவின் வேலை இல்லை. குரல் தேர்வு நடக்கும் அறையில் செயற்குழு ஆள் யாரும் இருக்கக் கூடாது. குறிப்பெடுக்க ஒருவர் வேண்டுமென்றால், தேர்வுக்கு வராத வீட்டு ஆளாகப் பாருங்கள். தலைவர் மகளுக்குக் கதாநாயகி வேஷம் தகுதியாலேயே கிடைத்தாலும், தலைவர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் ஊர் வேறு கதைதான் பேசும். தாளை ஒத்திகை மண்டபச் சுவரிலும் ஒட்டுங்கள், புலனத்திலும் (வாட்ஸ்அப்) போடுங்கள்.

அடுத்தது பழைய வாத்தியார். இதை முடிக்காமல் புதியவர்களைக் கூப்பிடவே கூடாது. பெரும்பாலான குழுக்கள் அவருக்கு 'ஆலோசகர்' என்று ஒரு பட்டம் கொடுத்துவிட்டு, அந்த ஆலோசகருக்கு என்ன வேலை என்று சொல்ல மறந்துவிடுகின்றன. பிறகு அவர் ஒவ்வோர் ஒத்திகைக்கும் வந்து பின்வரிசையில் உட்காருவார். புதியவர் எதைச் சொன்னாலும் முப்பது கண்கள் பின்வரிசைக்குத் திரும்பும். அவர் வாய் திறக்கவே வேண்டாம், உதட்டைப் பிதுக்கினால் போதும்.

அவருக்குக் கையில் பிடிக்கிற மாதிரி ஒரு வேலை கொடுங்கள். மெட்டுகள் எல்லாம் அவர் தலையில்தான் இருக்கும். பாட்டுப் புத்தகத்தில் வரிகள் இருக்கும், எந்த அடியில் எந்த இடத்தில் இழுக்க வேண்டும் என்பது இருக்காது. ஓர் இளைஞரை அவர் வீட்டுக்கு அனுப்பி, பாட்டுப் பாட்டாகக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவானதும் அந்தப் பாட்டுப் புத்தகத்தை இசை இயக்குநர் கையில் அவரே கொடுக்கட்டும், எல்லோர் முன்னாலும். அந்த மாலையில் அவர் இருக்க வேண்டும். அதற்கடுத்த சில ஒத்திகைகளுக்கு வராமல் இருப்பது நல்லது. சொல்லக் கஷ்டமான விஷயம்தான், ஆனால் அவரிடம் அதைச் சொல்ல வேண்டியது தலைவர். புதிய இயக்குநர் சொல்லக் கூடாது, புலனத்தில் எழுதவும் கூடாது. நேரில் போய், 'ஐயா, பிள்ளைங்க கொஞ்சம் பழகிக்கட்டும், முழு ஒத்திகைக்கு நீங்க வந்து பார்த்துச் சொல்லுங்க' என்றால் பெரியவர்களுக்குப் புரியும்.

சரி, அந்த மாலையை எப்படி நடத்துவது? வேலை நாளில் இரவு எட்டு மணி சரியாக இருக்கும். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய காலத்தில் விடியுமுன் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போனவர்கள் பிற்பகலில் வீடு திரும்பிவிடுவார்கள், மாலை முழுக்க ஒத்திகைக்கு இருந்தது. இப்போது ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பிள்ளைகள் தாமானுக்கு (நகரக் குடியிருப்புக்கு) குடிபெயர்ந்து, தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறார்கள். யாருக்கு எந்த வாரம் இரவு ஷிப்ட் என்று முன்பே கேட்டு, அதிகம் பேர் வரக்கூடிய நாளைப் பிடியுங்கள். வெள்ளிக்கிழமை கோயில், அதை விட்டுவிடுங்கள்.

தலைவர் எழுந்து நான்கு வாக்கியம் பேசினால் போதும். உண்மையாகவே நான்கு. பட்டம், வாங்கிய பரிசு, யாரிடம் கற்றார், எந்த விழாவில் ஆடினார் என்று ஒரு பக்கம் வாசிக்கும் வழக்கத்தை விடுங்கள், அது கேட்பவர்களுக்கு 'உங்களைவிட இவர் உசத்தி' என்றுதான் காதில் விழும். இப்படிச் சொல்லலாம்: 'இவங்க நம்ம புது நாடக டீச்சர். ஈப்போவிலேருந்து செவ்வாயும் சனியும் வருவாங்க. மேடையில யார் எங்க நிக்கணும், எப்படிப் பேசணும்ங்கிறது இவங்க முடிவு. வர முடியலைன்னா அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள இவங்களுக்குச் சொல்லிடுங்க.' இவ்வளவில் வேலை, நாள், அதிகாரம், நடைமுறை நான்கும் வந்துவிட்டன. மற்ற இருவருக்கும் இதே அளவு.

இதில் 'டீச்சர்' என்பதைக் கவனியுங்கள். இளம்பெண், வெளியூர், கல்யாணம் ஆகாதவர் என்றால் நம் பெரியவர்கள் பாசத்தோடு 'பாப்பா' என்று ஆரம்பித்துவிடுவார்கள். கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் பாப்பா சொல்லி யார் நடப்பார்? முதல் நாளே தலைவர் வாயிலிருந்து 'டீச்சர்' வந்துவிட்டால் மற்றவர்கள் தானாக அதைப் பிடித்துக்கொள்வார்கள். அவரும் பெரியவர்களை அண்ணன், அக்கா, ஐயா என்று முறை சொல்லியே கூப்பிடட்டும். திருத்தம் சொல்லும்போது அந்த முறைச்சொல் பாதி வேலையைச் செய்துவிடும்.

பேச்சு முடிந்ததும் நேராகப் பாட்டு. புதுப் பாட்டு வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்த, பழைய நாடகத்திலிருந்து ஒரு கோரஸ் பாட்டை எடுக்கும்படி இசை இயக்குநரிடம் சொல்லுங்கள். தெரிந்த பாட்டு என்றால்தான் புதியவர் அதில் என்ன செய்கிறார் என்பது தெரியும். அன்றைக்கு அவர் ஓர் இடத்தை மட்டும் மாற்றட்டும். அந்த ஓர் இடம் முன்பைவிட நன்றாக வந்துவிட்டால், வீட்டுக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளில் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு போவார்கள்.

பெரும்பாலும் அந்த இடம் சுருதியாகத்தான் இருக்கும். ஒலிபெருக்கி இல்லாத காலத்து நாடக நடிகர்கள் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று உயர்ந்த கட்டையில் (சுருதியில்) பாடினார்கள், அந்தப் பெருமை நம் குழுக்களில் இன்னும் இருக்கிறது. ராஜபார்ட், அதாவது கதாநாயக வேஷம் போடும் அண்ணன் வாலிப வயதில் இரண்டு கட்டையில் பாடியிருப்பார், இன்றும் அதையே பிடிப்பார். மேல் ஸட்ஜத்தைத் தாண்டும் இடத்தில் கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணை மூடிக்கொள்வார், கோரஸ் பெண்கள் தரையைப் பார்ப்பார்கள். அனுபவம் இல்லாத இசை இயக்குநர் இங்கே 'அண்ணே, உங்களுக்கு ஒரு கட்டை இறக்கிடலாம்' என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிடுவார். முடிந்தது கதை. விவரமானவர் ஒன்றும் சொல்ல மாட்டார். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு தட்டு தட்டுவார், இரண்டு அரைச்சுரம், அதாவது ஒரு கட்டை. 'அண்ணே, இன்னொரு தடவை பாடுங்க, அந்தச் சங்கதியை நான் சரியாப் பிடிக்கலை' என்பார். இரண்டாவது தடவை அண்ணன் கண்ணைத் திறந்துகொண்டே மேலே போய் வருவார். என்ன நடந்தது என்று அண்ணனுக்கும் தெரியும், கோரஸுக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த இசை இயக்குநர் எப்படிப்பட்டவர் என்பதை அந்த ஒரு நிமிடம் சொல்லிவிடும். அதனால்தான் அவரை முன்கூட்டியே தனியாகச் சந்தித்து, யார் குரல் எங்கே தட்டும் என்று காதில் போட்டுவைக்கச் சொல்கிறேன். ஜோடிப் பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். ஆண் குரலுக்கு ஒரு கட்டை, பெண் குரலுக்கு ஐந்து கட்டை என்று வந்தால் நடுவில் யாராவது விட்டுக்கொடுத்தாக வேண்டும், இதுவரை யார் விட்டுக்கொடுத்து வந்தார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மேடை இயக்குநருக்கு ஒரு சின்னக் காட்சி, இரண்டு பேர் பேசுவது, போதும். நடன ஆசிரியை மட்டும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். பரதநாட்டியம் படித்தவர்கள் முதல் நாளே முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்காரச் சொல்லிவிடுவார்கள், முழங்கால் வலிக்கும் அக்காமார்கள் மறுநாளே ஒத்திகைக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். நடையும் கையும் மட்டும் உள்ள எட்டு எண்ணிக்கை ஆட்டம் ஒன்று, தலைவரும் சேர்ந்து எல்லோரும் ஆடும்படி. உங்கள் ஊரில் உருமி மேளம் அடிக்கும் பையன்கள் இருப்பார்களே, இரண்டு பேரை அன்றைக்கு வரச்சொல்லுங்கள். ஆட்டம் தானாக வரும். அந்தப் பையன்களும் குழுவுக்குள் வந்துவிடுவார்கள், அது உபரி லாபம்.

புதியவர்களைக் குழுவுக்கு அறிமுகப்படுத்துகிறோம், குழுவைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்த மறந்துவிடுகிறோம். உங்கள் கடிதத்திலும் இது இல்லை. ஈப்போவிலிருந்து வருபவருக்குச் சுங்கை சிப்புட் என்றால் முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் தொகுதி என்று தெரிந்திருக்கும், 1948இல் எல்பில் தோட்டத்தில் துரையை (வெள்ளைக்கார மேலாளரை) சுட்டது, அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார். உங்கள் கோரஸில் நிற்கும் பெரியவர் எந்தத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) வளர்ந்தார் என்று தெரியாது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்களுக்காகத் தோட்டம் வாங்க 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்கலாம். தோட்டத்து வாழ்க்கையை மேடையில் காட்டும்போது, ஆராயாமல் அழுகையும் கங்காணி அடியுமாக ஒரு காட்சி எழுதிவிட்டால் இவர்கள்தான் முதலில் முகம் சுளிப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரையும் எல்பில், டோவன்பி தோட்டங்கள் பக்கமெல்லாம் காரில் ஒரு சுற்று அழைத்துப் போங்கள், கூடவே இரண்டு பெரியவர்கள் ஏறிக்கொள்ளட்டும். வழியில் தானாகப் பேசுவார்கள்.

ஆட்கள் பற்றியும் சொல்லவேண்டியதைச் சொல்லுங்கள். திருமுறை ஓதும் போட்டியில் பாடிய பிள்ளைகள் யார் யார், அவர்களுக்கு உச்சரிப்பும் சுருதியும் ஏற்கெனவே கையில் இருக்கும். தேசியப் பள்ளியில் படித்ததால் தமிழ் பேசுவார்கள், ஆனால் எழுத்துக் கூட்டத் தடுமாறுவார்கள் என்று சில பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு வசனத்தை ரூமி (ஆங்கில) எழுத்தில் தட்டச்சு செய்து தனியாகக் கொடுங்கள், வரிசையாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்லி அவமானப்படுத்த வேண்டாம். யார் யாரோடு பேசிக்கொள்வதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும், ஆனால் காரணத்தைச் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் புதியவரும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்.

முதல் நாடகம் எது என்பதையும் அறிமுகத்தோடு சேர்த்து அறிவிக்க ஆசைப்படுவீர்கள். பொறுங்கள். ஒரு மாதம் பாடவிட்டுக் குரல்களைப் பார்த்தபிறகு அவர்கள் சொல்லட்டும். ஒரு தகவல் மட்டும் உதவும்: மலேசியச் சட்டப்படி எழுத்துப் படைப்புக்கும் இசைக்கும் உரிமை, ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுவரை. சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தவர், அவருடைய நாடகங்களை யாரையும் கேட்காமல் எடுத்துப் போடலாம், வெட்டலாம், மாற்றலாம். சினிமாப் பாட்டைக் கோத்து நாடகம் செய்வதாக இருந்தால் நிலைமை வேறு, இசைப் படைப்பாளர்களின் உரிமைக் கழகமான எம்.ஏ.சி.பி.யிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். ஊராட்சி மன்றத்தின் கேளிக்கை அனுமதி பற்றிச் செயலாளர் நீங்களே அறிவீர்கள்.

சங்கப் பதிவு விஷயத்தில் ஒரு வார்த்தை. மூன்று இயக்குநர்களும் கலைப் பணிக்கு வருபவர்கள், பொறுப்பாளர்கள் அல்லர். அவர்களைச் செயற்குழுவிலும் போட்டால் ஆண்டுக் கூட்டம் நடந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பும் ஆண்டறிக்கையில் அவர்கள் பெயரும் பொறுப்பாளராகப் போகும். என் கருத்தில், முதல் ஆண்டு போடாதீர்கள். கூட்டத்தில் கைதூக்கிச் சண்டை போட்டுவிட்டு மறுநாள் ஒத்திகையில் அதே ஆளிடம் 'சிரிச்சுக்கிட்டே உள்ள வாங்க' என்று சொல்ல முடியாது.

பேனரில் பெயர் வரிசை பற்றிக் கேட்கவில்லை, ஆனால் அந்தச் சண்டை வரும். மூவர் பெயரும் ஒரே வரி, ஒரே எழுத்தளவு. படம் போடாதீர்கள். ஒய்.பி. படம் கட்டாயம் என்றால் அவர் படம் மட்டும்.

கடைசியாகப் பணம். ஈப்போவிலிருந்து வாரம் இரண்டு முறை வந்து போகிறவருக்குப் பெட்ரோல் காசு கொடுக்க வேண்டும், அது சன்மானம் ஆகாது. மூவருக்கும் என்ன கொடுக்கப்போகிறீர்கள் என்பதை அவர்கள் முதல் ஒத்திகைக்கு வருமுன் பேசி முடித்துவிடுங்கள், உறுப்பினர்களுக்கும் சொல்லிவிடுங்கள். நம் குழுக்களில் இதை மறைத்துவைப்பார்கள், இரண்டு மாதத்தில் 'நாங்க சும்மா ஆடுறோம், அவங்களுக்கு ஆயிரம் வெள்ளியாம்' என்று பஜாரில் பேச்சு கிளம்பும். தொகை சின்னதாக இருந்தாலும் ரசீது போட்டு, ஆண்டுக் கணக்கில் தனி வரியாகக் காட்டுங்கள். பழைய வாத்தியாருக்கும் மெட்டுப் பதிவு வேலைக்கு ஒரு தொகை வைத்து அதற்கடுத்த வரியில் எழுதுங்கள்.